ஓடு ஒரு பக்கம், ஷீட்டு ஒரு பக்கம்

எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். அவற்றில் முப்பத்தொன்றுக்குக் கூரை எப்போது வந்தது, எப்படி வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. வீடு கட்டினார்கள், மேலே ஏதோ ஒன்றைப் போட்டார்கள், கீழே படுத்துத் தூங்கினார்கள். முப்பத்திரண்டாவது வீடு ராஜமாணிக்கத்துடையது. அதற்குக் கூரை வர மூன்று வருஷமாயிற்று. அந்த மூன்று வருஷச் சரித்திரம் திருவண்ணாமலையில் பாதிப் பேருக்குத் தெரியும், ஏனென்றால் பாதிப் பேரிடம் அவர் ஆலோசனை கேட்டிருந்தார். மீதிப் பேர் அவருடைய ரவுண்டில் வராதவர்கள்.

ராஜமாணிக்கம் மின்சார வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். காக்கிப் பை, காதில் பென்சில், கையில் டார்ச். அந்தக் காலத்து மீட்டர்களைச் சுவரின் உச்சியில் மாட்டியிருப்பார்கள். ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கு ஒரு முக்காலி தேவைப்படும். முக்காலியில் ஏறினால் மீட்டருக்கு அரையடி மேலே கூரை. வீட்டுக்காரன் ஆயுசில் ஒருமுறை அண்ணாந்து பார்க்கும் கூரையை இவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தார். ஊர்க் கூரைகளை எல்லாம் இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்த மனிதருக்குச் சொந்தக் கூரை விஷயத்தில் எவ்வளவு தெளிவு இருந்திருக்க வேண்டும்! அதுதான் இல்லை.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசிப் புயலில் அவருடைய கீற்றுக் கூரை போயிற்று. போயிற்று என்று சொல்வதுகூடத் தவறு, இடம் மாறிற்று. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நசீர் அகமதுவின் மர டிப்போ. கூரை அப்படியே எழும்பி, தெருவைத் தாண்டி, அங்கே அறுத்து அடுக்கி வைத்திருந்த தேக்குப் பலகைகளின் மேல் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்துகொண்டது. விடிந்ததும் நசீர் பாயே வந்து கதவைத் தட்டினார்.

"சார், உங்க கூரை நம்ம டிப்போவுல பத்திரமா இருக்குது. நம்ம பலகை ஒண்ணுகூட நனையல. அல்லா உங்கள நல்லா வைக்கணும்."

முழங்கால் தண்ணீரில் நின்றபடி ராஜமாணிக்கம் அன்று ஒரு சபதம் செய்தார். இனி இந்த வீட்டுக்குக் கீற்று கிடையாது. அடுத்த புயலுக்கு அசையாத கூரைதான். தளம் போட்டு மாடி எடுக்கச் சம்பளம் இடம் கொடுக்காது. ஆகவே மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, மங்களூர் ஓடு: சிவப்பு மண் ஓடு, ஒன்றின் தலையில் ஒன்றின் கால் கொக்கி போட்டு உட்காரும். மற்றொன்று, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு: சாம்பல் நிறம், ஆள் நீளத்துக்கு மேல், அலை அலையாக இருக்கும், போல்ட்டுப் போட்டு முடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டுவிடும்.

ராஜமாணிக்கம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் சிக்கல். மறுநாள் முதல், முக்காலியில் ஏறி மீட்டரைப் படித்துவிட்டு இறங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, உங்க கூரை காத்துக்கு எப்படி?"

ஒரு நாளைக்கு நாற்பது வீடு. நாற்பது பதில். ஓட்டு வீட்டுக்காரர்கள் ஷீட்டைப் புகழ்ந்தார்கள். ஷீட்டு வீட்டுக்காரர்கள் ஓட்டைப் புகழ்ந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் இரண்டையும் புகழ்ந்தார்கள்.

தபால் ஆபீஸ் சக்கரபாணி ஓட்டு வீட்டில் இருந்தார். அவர் சொன்னது: "ஓடு ஒண்ணு ஒண்ணா பறக்கும் சார். எதிர் வூட்டுக்காரன் மண்டைய உடைக்கும். கேஸு ஆயிடும். ஷீட்டுன்னா பறந்தா ஒரேடியா பறந்துடும். எவன் வூட்டுதுன்னு எவனுக்கும் தெரியாது."

அடுத்த வீட்டு ஆதிலட்சுமி ஷீட்டின் கீழ் இருந்தவள். "ஷீட்டா? சித்திரையில வந்து ஒரு மத்தியானம் உக்காந்து பாருங்க. அப்பளத்த வெறும் கையில பிடிச்சி தூக்கிக் காட்டுனா போதும், பொரிஞ்சிடும்."

"அப்ப ஓடே போட்டுடலாம்ங்கறீங்க."

"ஓடுன்னா கொரங்கு ஜாஸ்தி. மலையிலேருந்து எறங்கி வந்து ஓட்ட பிரிச்சி, தலைய உள்ள உட்டு, தோசை எத்தனைன்னு எண்ணிட்டுப் போவும்."

"அதெல்லாம் சரிங்கம்மா. காத்துக்கு?"

அவருக்குக் காற்று ஒன்றுதான் கவலை. சூடு, குரங்கு, மழை, சத்தம், அழகு எதுவும் காதில் ஏறவில்லை. புயல் வந்தால் நிற்குமா, நிற்காதா, அவ்வளவுதான். ஒரு மனிதன் மூன்று வருஷம் ஒரே கேள்வியைக் கேட்டால் அவனுக்குப் பதில் கிடைக்கும் என்று நாம் நினைப்போம். கேட்கும் பழக்கம்தான் கிடைக்கும்.

இதை எழுதும்போது நான் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் இப்போது இருக்கும் வெளிநாட்டு ஊரில் புயலுக்கு மாமன் மச்சான் மாதிரி பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். என் வீட்டுக் கூரைக்கு ஓடா, ஷிங்கிளா என்று கேட்டு ஒருவன் படிவத்தோடு வாசலில் நிற்கிறான். ஷிங்கிள் என்பது தார் பூசிய அட்டைத் துண்டுகளை மீன் செதில் மாதிரி அடுக்கி ஆணி அடிப்பது. இதுவரை ஏழு பேரைக் கேட்டிருக்கிறேன். சரி, அது போகட்டும்.

முடிவு ஆகும்வரை என்ன செய்வது? டிப்போவிலிருந்து பழைய கீற்றைத் தூக்கி வந்து 'தற்சமயத்துக்கு' மேலே போட்டார் ராஜமாணிக்கம். தற்சமயம் என்பது எழுபத்தெட்டு முழுக்க நடந்தது. எழுபத்தொன்பதிலும் நடந்தது. அதன் கீழே வாழ்ந்தவள் அவருடைய மனைவி உண்ணாமலை. எந்த இடத்தில் எந்த மழைக்கு ஒழுகும் என்று அவளுக்கு மனப்பாடம். தூறலுக்கு இரண்டு குண்டான், நல்ல மழைக்கு ஐந்து, அடைமழைக்கு அடுப்பைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை போக வேண்டும்.

எழுபத்தொன்பது ஐப்பசியில் ஒருநாள் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தார். உண்ணாமலை அடுப்பை மூன்றாவது இடத்துக்கு மாற்றி, நான்காவது முறையாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கி யார கேட்டீங்க?"

அவளே கேட்டதில் ராஜமாணிக்கத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட்டு. விவரமான ஆளு. அவரு இன்னா சொல்றாருன்னா, கடல்லேருந்து நாம எவ்ளோ தூரம் இருக்கோமோ அத வச்சி…"

உண்ணாமலை ஊதுகுழலைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ப் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். கீழ்பென்னாத்தூரில் அவளுடைய அண்ணன் வீடு. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.

"நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். தலைக்கு மேல ஒண்ணு நிக்கட்டும், வர்றேன். ஓடோ, ஷீட்டோ, ஓலப்பாயோ, எனக்கு ஒண்ணும் இல்ல. நிக்கணும்."

"ஓலப்பாய்னு ஒண்ணு சொன்ன பாரு," என்றார் ராஜமாணிக்கம் யோசனையோடு, "அத யாரும் சொல்லல."

அவள் போய்விட்டாள்.

ஆள் கலங்கித்தான் போனார். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவள் இல்லாமல் இரண்டு நாள் இருந்ததில்லை. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு முழம் மல்லிகையும் கால் கிலோ காராபூந்தியும் வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறுவார். உண்ணாமலை தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். ஒரே வார்த்தை கேட்பாள்.

"போட்டாச்சா?"

"முடிவு பண்ணிட்டன்னே வச்சிக்கயேன்."

பூவை எடுத்துக்கொள்வாள். காராபூந்தி அண்ணனுக்குப் போகும். அண்ணன் பெயர் சடையன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைப்பவர். மூட்டையை அவர் தூக்குகிறாரா, மூட்டை அவரைத் தூக்குகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அவ்வளவு உடம்பு. தங்கை வந்து உட்கார்ந்ததில் அவருக்கு வருத்தம் என்றும் சொல்ல முடியாது, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. மாப்பிள்ளையைக் கிண்டல் செய்ய வாரத்துக்கு ஒருநாள் கிடைத்ததில் மட்டும் சந்தோஷம். எழுபத்தொன்பது தீபம் இப்படியே கழிந்து, அடுத்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தார்.

"வாங்க மாப்ள. இன்னிக்கி ஓடு கட்சியா, ஷீட்டு கட்சியா?"

"கிண்டல் பண்ணாதீங்க மச்சான். சாதக பாதகம் பாக்கணும் இல்ல?"

"பாருங்க பாருங்க. வர்ற தீபம் வரைக்கும் பாருங்க. தீபம் முடிஞ்ச கையோட புது ரேஷன் கார்டு குடுக்குறாங்களாம். கூரை நின்னா தீபத்தன்னிக்கி வேன் வச்சி கொண்டாந்து உடறேன். நிக்கலன்னா இவ பேரு எங்க கார்டுல ஏறிடும். அப்புறம் உங்க சர்க்கரைய நீங்க தனியா கரைச்சிக் குடிங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் உண்ணாமலை சிரிக்கவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது ராஜமாணிக்கம் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஓடு பற்றியும் கேட்கவில்லை, ஷீட்டு பற்றியும் கேட்கவில்லை. ரேஷன் கார்டில் ஏறின பெயரைத் திரும்ப இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அரசாங்க ஊழியரான அவருக்குத் தெரியாதா? கல்யாணத்தைப் பிரித்துவிடலாம். கார்டில் பெயர் மாற்றுவது வேறு விஷயம்.

எண்பதாம் வருஷம் புரட்டாசியில் டிப்போவில் போய் நின்றார்.

"பாய், மரம் அறுத்துடுங்க."

நசீர் பாய்க்கு நம்பிக்கை வரவில்லை. "எதுக்கு சார்? ஓட்டுக்கா, ஷீட்டுக்கா?"

"ரெண்டுக்கும் ஆவுற மாதிரி."

"சார், ஓட்டுக்கு நல்லா சரிவு வேணும், ரீப்பர் சட்டம் நெருக்கி அடிக்கணும். ஷீட்டுக்கு சரிவு கம்மி, கட்டை தள்ளித் தள்ளி. நீங்க இன்னா, சட்டையும் லுங்கியும் ஒரே அளவுல தெக்கச் சொல்றீங்க?"

ராஜமாணிக்கம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு பலகையில் படம் போட்டார். வீட்டுக்குக் கிழக்கே வயல்வெளி, மேற்கே மலை. புயல் கடலிலிருந்து வருகிறது, அதாவது கிழக்கிலிருந்து. முதல் அடி வாங்குவது கிழக்குச் சரிவு. அங்கே கனமானது இருக்க வேண்டும்: ஓடு. மேற்குச் சரிவுக்குக் காற்று வருவதற்குள் அதன் வேகம் போய்விடும். போதாததற்கு மலை வேறு தடுக்கும். அங்கே லேசானது போதும்: ஷீட்டு. அதாவது, கேட்ட வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் சொன்னதும் சரி, மற்ற பாதிப் பேர் சொன்னதும் சரி.

"மேக்கால இன்னா ஆவப்போவுது பாய்? அந்தப் பக்கம் அண்ணாமலையாரு பாத்துப்பாரு."

நசீர் பாய் பலகையை நேராக வைத்துப் பார்த்தார். தலைகீழாக வைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அது ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் படுத்தும் கிடந்தது. ஒரு கூரைக்கு இரண்டு கூரை மரம் விற்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. நல்ல மனிதர், அதையும் சொன்னார். ராஜமாணிக்கம் தலையை ஆட்டினார்.

"செஞ்சி தர்றேன். ஒரே ஒரு விஷயம் சார். ஷீட்டு மேல ஆளு ஏறக்கூடாது. போல்ட்டு மாத்தணும்னாகூட பலகை போட்டு, கட்டை இருக்குற எடத்துலதான் கால் வைக்கணும். நடுவுல வச்சா பொத்துனு உள்ள எறக்கிடும்."

"கூரை மேல எவன் பாய் ஏறப்போறான்?"

நசீர் பாய் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். பிறகு ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். தமாஷ் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். திருவண்ணாமலையில் பிறந்த ஒருவன் அப்படிக் கேட்டால் வேறு என்ன நினைப்பது? கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் இந்த ஊரில் தரையில் நிற்பவர்கள் கம்மி. மாடி, ஓடு, தண்ணீர்த் தொட்டி, லாரி, மரம் என்று கால் வைக்க முடிந்த எல்லாவற்றின் மேலும் ஆள் இருக்கும். மலையுச்சியில் நெருப்பு தெரிய வேண்டும். தெரிந்ததும் மேலிருப்பவர்கள் கத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டுக்குள் பெண்கள் அகல் ஏற்றுவார்கள். அதுவரை வீட்டில் விளக்கு கிடையாது.

ஆனால் ராஜமாணிக்கம் தமாஷ் செய்யவில்லை. இருபது வருஷமாகத் தீபத்தன்று அவருக்கு டியூட்டி. திருவிழா விளக்குகளுக்குக் கம்பி இழுத்த இடத்தில் கையில் டெஸ்டரோடு நிற்பார், தலை நிமிர நேரமிருக்காது. அவருடைய கீற்றுக் கூரையில் எவனும் ஏறியதும் கிடையாது. பூனை ஏறினாலே ஒரு கை கீற்று உதிரும். ஆக, ஊருக்கே தெரிந்த விஷயம் கூரை நிபுணருக்குத் தோன்றாமல் போனது.

ஐப்பசி பிறந்து பத்து நாளில் கூரை முடிந்தது. தெருவே வந்து பார்த்தது. கிழக்கிலிருந்து பார்த்தால் வசதியான ஓட்டு வீடு. மேற்கிலிருந்து பார்த்தால் சினிமா கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டு.

"ஜோரா இருக்கு சார்," என்றார் சக்கரபாணி. "பாதிக் கூரைய திருப்பிக் குடுக்கணும்னாலும் சுலபம்."

தீபத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரேடியோவில் புயல் என்றார்கள். விடியற்காலையில் ஆரம்பித்த காற்று சாயங்காலம்வரை ஓயவில்லை. ஊரில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ராஜமாணிக்கமும் உள்ளேதான் இருந்தார், ஆனால் வீட்டின் நட்டநடுவில், உச்சிக் கட்டைக்கு நேர் கீழே, டார்ச்சை ஒருமுறை ஓட்டுக்கு, ஒருமுறை ஷீட்டுக்கு என்று மாற்றி மாற்றி அடித்தபடி நின்றார். பரீட்சை ஹாலில் இரண்டு பிள்ளைகளையும் காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வாத்தியார் மாதிரி. காற்று அடங்கியபோது மூன்று ஓடுகள் நழுவியிருந்தன. ஷீட்டில் ஒரு போல்ட்டுகூட அசையவில்லை.

அன்றைக்கே உண்ணாமலைக்குத் தபால் கார்டு எழுதிப் போட்டார். 'மகா புயலுக்கே அசையவில்லை. இனி எதற்கும் அசையாது. மச்சானிடம் வாசித்துக் காட்டவும்.' அடுத்த நாலு நாள் ரவுண்டில் அவர் யாரையும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதில் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

தீபத்தன்று டியூட்டியை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, வீட்டைக் கழுவி, வாசலில் மாவிலை கட்டிக் காத்திருந்தார். நாலரை மணிக்கு வேன் வந்தது. உண்ணாமலை இறங்கினாள். சடையன் இறங்கினார். பின்னால் இன்னும் இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். தங்கையைக் கொண்டுவந்து விடுவதும் ஆயிற்று, தீபம் பார்ப்பதும் ஆயிற்று என்று சடையன் பாதிச் சொந்தத்தையும் ஏற்றி வந்திருந்தார்.

உண்ணாமலை உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். இந்தப் பக்கம் ஓடு, அந்தப் பக்கம் ஷீட்டு. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒரு முடிவுக்கு வந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"ரெண்டு முடிவுக்கு வந்துட்டேன்," என்றார் ராஜமாணிக்கம்.

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பாயசத்துக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அகல்களைக் கழுவ உட்கார்ந்தாள். ராஜமாணிக்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. சரியாக அந்த நேரத்தில் வாசல் பக்கம் கூரை மேல் ஆள் பேசும் சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தார். மேற்குச் சரிவு அவருக்கு இன்றுதான் ஊர்க்காரர்கள் கண்ணால் தெரிந்தது. மலையைப் பார்த்த மாதிரி, உட்காரத் தோதான சரிவில், தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு கேலரி. அவரே பார்த்துப் பார்த்துக் கட்டியது. அதில் ஏற்கெனவே எட்டுப் பேர் வசதியாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். சடையன் ஏணியின் பாதியில் இருந்தார். ஏணி முனகியது.

"மச்சான், மச்சான்! ஷீட்டு மேல ஏறக்கூடாது."

சடையன் நின்று திரும்பினார். "ஏன் மாப்ள?"

"தாங்காது."

"தாங்காதா?" சடையன் ஜேபியிலிருந்து அந்தத் தபால் கார்டை எடுத்தார். "மகா புயலுக்கே அசையல, இனி எதுக்கும் அசையாதுன்னு இதுல யாரு எழுதனது? நிக்கற கூரையா, நிக்காத கூரையா? இப்பவே சொல்லிடுங்க. வேன் கெளம்பலாம்."

இந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடியவை இரண்டே இரண்டு. தாங்கும் என்றால் மச்சான் ஏறுவார். தாங்காது என்றால் மனைவி வேனில் ஏறுவாள். உடனே ஒன்றைச் சொல்ல வேண்டும். ராஜமாணிக்கம் கூரையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், மறுபடி கூரையைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் மச்சான். பாய கேட்டுட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

தெருவில் கூட்டம் நகர விடவில்லை. எதிர்ப்பக்கத்துக்குப் போய்ச் சேரவே கால்மணியாயிற்று. நசீர் பாய் டிப்போ மாடியில் குடும்பத்தோடு நின்றிருந்தார்.

"பாய்! ஷீட்டு எத்தன பேரு தாங்கும்?"

"எத்தன பேரு இருக்காங்க?"

"எட்டு. மச்சான் ஏறுனா ஒம்போது."

"உங்க மச்சானா? அந்த மல்லாட்டைக்காரரா? ஓடுங்க சார்!"

அப்போதுதான் மலையுச்சியில் தீ தெரிந்தது. ஊர் மொத்தமும் ஒரே குரலாக "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. ராஜமாணிக்கத்தின் கூரையிலும் சொன்னார்கள். உட்கார்ந்திருந்த வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு சாட்சி சொன்னவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளைக்குக் காத்திராமல் ஏறி உட்கார்ந்திருந்த சடையன் பக்தி மிகுந்தவர். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, ஒரு எம்பு எம்பிவிட்டார்.

உள்ளே இருட்டில் உண்ணாமலை அகல்களுக்கு எண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியோடு, மேலே சத்தம் வரக் காத்திருந்தாள். சத்தம் வந்தது. கூடவே இரண்டு கால்களும் வந்தன. வேட்டி மேலேயே தங்கிவிட்டது. நல்லவேளையாக, நசீர் பாய் போட்ட கட்டை அக்குளில் தாங்கிக்கொண்டதால் மீதி சடையன் வரவில்லை. காலடியில் பாயசப் பாத்திரம்.

"அண்ணே, கால ஆட்டாத. பாயசத்துல சிமெண்ட்டு உழுவுது."

"உண்ணாமல! வேட்டி! எவனும் உள்ள வராம பாத்துக்கம்மா!"

நாலு பேர் ஓட்டுப் பக்கமாகப் போய் அவரை மேலே இழுத்தார்கள். இழுத்ததில் ஓடு ஒன்பது உடைந்தது. இரண்டு பக்கமும் பாரபட்சமில்லாமல் சேதம். ராஜமாணிக்கம் மூச்சிரைக்க உள்ளே வந்தபோது, மேற்குச் சரிவில் ஒரு சடையன் அளவு ஓட்டை இருந்தது. அதற்குக் கீழே உண்ணாமலை அசையாமல் நின்றிருந்தாள். கிட்டே போய் அவள் பார்த்த திசையில் பார்த்தார். ஓட்டை வழியாக மலையுச்சி தெரிந்தது. அதில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவரும் பார்த்தார்.

அவள் குனிந்து முதல் அகலை ஏற்றினாள்.

வெளியிலிருந்து சடையன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விலா எலும்பைத் தடவியபடி வந்தார். கிண்டல் எல்லாம் போய்விட்டிருந்தது. "ஏறும்மா வண்டியில. இந்தக் கூரைக்குக் கீழ என் தங்கச்சிய உட்டுட்டுப் போவ மாட்டேன். நாளைக்கே கார்டுல பேர ஏத்தறேன்."

ராஜமாணிக்கம் கேட்பதற்கு ஆள் தேடி டிப்போ மாடிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நிக்கணும்னு சொன்னது நான்," என்றாள் உண்ணாமலை. "ஆளு ஏறி நிக்கணும்னு சொல்லல. காத்துல நின்னுச்சா? நின்னுச்சி. நீ ஏறிக் குதிச்சா உன் வூட்டு மாடிகூட நிக்காது."

"என் வூட்டுல மாடி இல்ல."

"அதான் பொழச்சிது. இந்த வூட்டுக் கார்டுலயே என் பேரு இருக்கட்டும். பாயசம் வேணாம், கஞ்சி வைக்கறேன், எல்லாரும் சாப்ட்டுட்டுக் கெளம்புங்க."

வேன் எட்டு மணிக்கு ஒரு ஆள் குறைவாகத் திரும்பியது.

மறுநாள் காலையில் ராஜமாணிக்கம் பையை மாட்டினார். "இன்னிக்கி ரவுண்டுல ஒரு பத்து பேர கேட்டுட்டு வந்துடறேன். உடஞ்ச எடத்துல ஷீட்டே போடறதா, இல்ல மொத்தமா…" அவர் முடிப்பதற்குள் உண்ணாமலை செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமாகத் தேரடித் தெரு ஷீட்டுக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வழக்கம்போல, எந்தக் கம்பெனி, எத்தனை கனம், எந்த நீளம் என்று ஆரம்பித்தார். ராஜமாணிக்கம் ஆசையாக முன்னால் சாய்ந்தார்.

"ஒடஞ்ச மாதிரியே ஒண்ணு," என்றாள் உண்ணாமலை. "எது முன்னால இருக்குதோ அது."

மூன்று வருஷ வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்தது. ஷீட்டு மாட்டுவண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தது. உடைந்த ஒன்பது ஓடுகளையும் மாற்றிவிட்டு நசீர் பாய் ஏணியோடு தயாராக இருந்தார். உண்ணாமலை வேண்டாம் என்றாள். தீபம் பதினோரு நாள் எரியும். அதுவரை ஷீட்டைச் சுவரில் சாத்தி வைக்கட்டும், பன்னிரண்டாம் நாள் மாட்டிக்கொள்ளலாம்.

"மழ பெஞ்சா?" என்றார் ராஜமாணிக்கம்.

"கீழ ஏதாச்சும் வைங்க."

ராஜமாணிக்கம் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். அளவு யோசித்தார். பித்தளை அண்டா வைத்தால் தண்ணீர் தெறிக்காது, ஆனால் நிறைந்தால் தூக்க முடியாது. பிளாஸ்டிக் பக்கெட் என்றால் தூக்கலாம், ஆனால் சீக்கிரம் நிறைந்துவிடும். இரண்டிலும் நியாயம் இருந்தது. செருப்பைத் தேடினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பக்கத்துலதான். ஆதிலட்சுமிய ஒரு வார்த்த…"

உண்ணாமலை அண்டாவை இழுத்துவந்து ஓட்டைக்கு நேராகத் தொப்பென்று வைத்தாள்.